கணிதப் புலவர் மார்க்கோவ்

திரைப்படம் காண்போர் கதையினை நோக்குவரேயன்றி, அக்கதை எத்துணைத் துண்டுகளால் ஒட்டப்பெற்றது என்பதனை நோக்கார். கண்முன் ஓடுவது இடையறாத ஒரே ஒழுக்கு எனவே அவர்க்குத் தோன்றும். உண்மையிலோ அது பல்லாயிரம் நிழற்படங்களின் அடுக்கேயாம். வீடியோவில் நொடிக்கு 25 படங்கள் ஓடுமெனின், ஒரு மணி நேரத்திற்கு அவை 90,000 ஆகும். காமிரா ஒருமுறை ஓடத் தொடங்கி நிற்குங்காறும் எடுத்த படங்களின் தொகுதியைத் தொழில் வல்லார் ஷாட் என்பர். ஷாட்டுகள் சில கூடிக் காட்சியாகும். காட்சிகள் பல கூடிக் கதையாகும். எழுத்துக்கள் கூடிச் சொல்லாகி, சொற்கள் கூடித் தொடராகி, தொடர்கள் கூடிப் பாட்டாவது போல்வதே இதுவும்.

இவ்வடுக்கினை மனிதன் அருகிருந்து பிரித்துக் காட்டாமலே, இயந்திரம் தானே பார்த்து, இங்கே ஷாட் முடிந்தது, இங்கே காட்சி மாறியது, இது செய்தி வாசிப்பவர் பேசுமிடம், இது பந்தாட்டம் நடக்குமிடம் என்று பகுத்துணர்தல் கூடுமோ? கூடும் என்பதனைச் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அறிஞர் பலர் செய்து காட்டினர். அவர்தம் முறைகளுள் தலையாய ஒன்றற்கு அடிப்படையாய் நின்றது, சினிமாவே குழவிப் பருவத்திலிருந்த 1906-ஆம் ஆண்டில் உருசியக் கணிதப் புலவர் ஒருவர் எழுதிய கட்டுரையாகும். அவர் சினிமாவைப்பற்றி எழுதினவரல்லர். நிகழ்ச்சி ஒன்றன்பின் ஒன்றாய் வருங்கால், முன்னது பின்னதை எவ்வளவு பற்றி நிற்கும் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அவர் பெயர் ஆந்திரேய் ஆந்திரேயெவிச் மார்க்கோவ். அன்னார் வரலாற்றினை ஈண்டுக் கூறப் புகுந்தனம்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடல் வேண்டும். மார்க்கோவ் தம்மைத் திருச்சபையினின்று நீக்கிவிடுமாறு தாமே விண்ணப்பம் எழுதி அனுப்பியவர். கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றன் ஆண்டு மலரில் இத்தகையார் வரலாறு இடம்பெறல் தகுமோ என்று எம் தோழர் ஒருவர் வினவினர். அதனை யாமும் எம்முள் பன்முறை வினவிக்கொண்டதுண்டு. விடையினை உரியவிடத்துக் கூறுவாம்.

மார்க்கோவ் 1856-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள் ரியாசான் என்னும் நகரில் பிறந்தனர். தந்தையார் காட்டு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பின்னர்க் குடும்பத்தோடு தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கிற் குடியேறி, வால்வாத்தியெவா என்னும் செல்வப் பெருமாட்டியின் நிலபுலங்களை மேற்பார்க்கும் பணியினை ஏற்றனர். இளம்பருவத்தே மார்க்கோவின் முழங்காலை நோய் ஒன்று பற்றிற்று. ஏனைச் சிறுவர் ஓடியாடுங் காலத்து இவர் ஊன்றுகோல்கொண்டு நடந்தனர். பிற்பாடு செய்த சத்திர சிகிச்சையால் கால் ஒருவாறு நிமிர்ந்ததாயினும், நடையிற் சிறிது சாய்வு என்றும் நீங்கவில்லை.

பள்ளியிற் கணிதமொழிந்த பாடங்களில் அவர் சிறந்திலர். ஆசிரியர்க்கு அடங்கியவர் என்று பெயரெடுத்தவருமல்லர். ஆயினும் மாணவராயிருந்தபோதே, நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை ஒன்றனைத் தாமே கண்டு, அது புதிதென்று கருதித் தலைநகரின் கணிதப் புலவர்க்கு எழுதியனுப்பினர். அம்முறை முன்னரே பிறரால் அறியப்பட்டதொன்று. எனினும் கோர்க்கின், சொலத்தரேவ் என்னும் பேராசிரியர் இருவர் இவ்விளைஞரின் கூர்மையைக் குறித்துக்கொண்டனர். பிறர் கண்டதனையே மீளக் கண்டோமென்று இவரும் சோர்ந்திலர். 1874-இல் பீட்டர்ஸ்பர்க்குப் பல்கலைக் கழகம் புக்கு, அவ்விருவரிடத்தும், அவர்க்கெல்லாம் தலைவராய் விளங்கிய செபிஷெவ் பெருமானிடத்தும் பாடங்கேட்டனர். 1878-இல் பொற்பதக்கம் பெற்றுத் தேறி, 1884-இல் டாக்டர் பட்டமும் எய்தினர். 1886-இல் செபிஷெவ் முன்மொழியப் பேரரசின் விஞ்ஞானக் கழகத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டபோது அவருக்கு அகவை முப்பது.

இடையில் 1883-இல் நிகழ்ந்த திருமணம் சுவையுடைத்து. தந்தையார் பணிபுரிந்த பெருமாட்டியின் மகளார் மரியாவுக்கு இளமையிற் கணிதம் கற்பித்தவர் மார்க்கோவே. கற்பித்தவர்க்கும் கற்றவர்க்கும் அன்பு முகிழ்த்தது. மேற்பார்வைக்காரன் மகனுக்குப் பெண்கொடுக்க அன்னையார் முதலில் உடன்பட்டிலர். மருமகன் பல்கலைக் கழகத்திற் கற்பிக்கும் நிலையை அடைந்த பின்னரே இசைந்தனர்.

வகுப்பறையில் மார்க்கோவ் கரும்பலகையின் அழகையோ தம் உடையின் அழகையோ பொருட்படுத்தியவரல்லர் என்பர். நிறுவலின் கட்டுக்கோப்பு ஒன்றே அவர்க்குப் பொருள். யாதாயினும் ஒரு கூற்றில் ஓட்டை காணின், கூறியவர் நண்பரேயாயினும் விடார். இக்குணமே அவர்தம் பெருங் கண்டுபிடிப்புக்கு வாயிலாயிற்று.

அதனை விளக்கப் பேரெண் விதி என்பதனைச் சிறிது கூறல்வேண்டும். நாணயம் ஒன்றைப் பத்துமுறை சுண்டினால் தலை ஏழுமுறை விழலாம், மூன்றுமுறையும் விழலாம். பதினாயிர முறை சுண்டினாலோ ஏறத்தாழச் செம்பாதியே தலையாகும். எண்ணிக்கை பெருகப் பெருக விகிதம் ஒருநிலைப்படும் என்னும் இவ்வுண்மையை நிறுவியவர் யாக்கோபு பெர்னூலி. அவர் நூல், அவர் இறந்து எட்டாண்டு கழிந்து, 1713-இல் வெளிப்போந்தது. அந்நிறுவலில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு சுண்டலும் தனித்து நிற்கவேண்டும். முன்விழுந்தது பின்விழுவதைத் தாக்கலாகாது என்பதே அது.

மாஸ்கோவில் நெக்ராசவ் என்னும் கணிதப் பேராசிரியர் இருந்தார். ரியாசான் நகரத்து வேதசாஸ்திரப் பள்ளியிற் பயின்று, பின்னர்க் கணிதத்திற் புகுந்தவர். பிறப்பாலும் கல்வியாலும் ஒரே ஊரோடு தொடர்புடைய இருவரும் இருவேறு நெறிகளின் தலைவர்களாய் நின்றமை வியப்பே. மக்களின் திருமணத் தொகை, குற்றத் தொகை முதலியன ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்றலைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. பேரெண் விதி நிகழவேண்டுமாயின் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பற்றாதிருத்தல் வேண்டும். ஆதலின் மக்கள் செயல்கள் ஒன்றையொன்று பற்றாதன. ஆதலின் மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டென்பது கணிதத்தாற் பெறப்பட்டது. இவ்வாறு நெக்ராசவ் 1902-இல் வாதித்தனர்.

முடிபு எமக்கு இனியதே. மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டென்பதை மறுப்பின், பாவம், மனந்திரும்புதல் என்னும் சொற்களெல்லாம் பொருளற்றுப் போம். ஆனால் வாதம்? மழை பெய்தால் தெரு நனையும் என்பது கொண்டு, தெரு நனைந்திருத்தலின் மழைதான் பெய்தது என்று துணிதல் ஒக்குமோ? தண்ணீர்க் குழாய் உடைந்தும் நனையலாமன்றோ? பற்றின்மை இருந்தாற் பேரெண் விதி நிகழும் என்பது மெய். பேரெண் விதி நிகழுமிடமெல்லாம் பற்றின்மை இருந்தே தீரும் என்று நிறுவினார் யார்?

மார்க்கோவ் இவ்வோட்டையைக் கண்டனர். கண்டதோடமையாது, ஒன்றையொன்று பற்றி நிற்கும் நிகழ்ச்சிகளிடத்தும் பேரெண் விதி நிகழும் என்பதற்குத் தெளிந்த எடுத்துக்காட்டையே கணிதத்தாற் படைத்தனர். அதுவே 1906-ஆம் ஆண்டுக் கட்டுரை. அவர் படைத்தது ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணி ஒன்றையே பற்றும்; அதற்கும் முந்தியவற்றை நேரே பற்றாது. இன்று மழையாயின் நாளை மழைக்கு இத்துணை வாய்ப்பு, இன்று வெயிலாயின் நாளை மழைக்கு இத்துணை வாய்ப்பு என்று இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால், நெடுநாட் செலவில் மழைநாள் எத்துணைப் பங்கு என்பது தானே நிலைப்படும். நாட்கள் தனித்து நில்லாமல் ஒன்றையொன்று பற்றினும் நிலைப்படும். நெக்ராசவின் வாதம் இவ்வளவில் வீழ்ந்தது. தன்விருப்பம் என்னும் உண்மை வீழ்ந்ததோ என்னின், இல்லை. அதற்கு முட்டுக்கொடுத்த உளுத்த கழி ஒன்றே வீழ்ந்தது.

ஏழாண்டு கழிந்து, 1913-இல், மார்க்கோவ் தம் சங்கிலிக்கு உலகினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தேடினர். எடுத்தது கணிதமன்று, கவிதை! உருசியப் பெருங்கவி புஷ்கின் இயற்றிய யெவ்கேனி அனேகின் என்னும் செய்யுட் கதையின் முதல் அதிகாரம் முழுமையும், இரண்டாம் அதிகாரத்திற் பதினாறு செய்யுளும் கொண்டு, ஒலிப்பற்ற குறிகளை நீக்கி, 20,000 எழுத்துக்களை வரிசையாக எழுதினர். பத்துக்குப் பத்தாகக் கட்டமிட்டு, இருநூறு கட்டங்களில் அவற்றை அடக்கினர். பின்னர் எது உயிர், எது மெய் என்று எண்ணினர். உயிர் 8,638, மெய் 11,362. எழுத்துக்கள் ஒன்றையொன்று பற்றாது நிற்பனவாயின், உயிரை அடுத்து உயிர் வருமிடங்கள் ஏறக்குறைய 3,700 இருத்தல் வேண்டும். எண்ணிக் கண்டனவோ 1,104 மட்டுமே. உயிருக்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதின்மூன்றளவு. மெய்க்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்தாறளவு. கவிஞன் உள்ளத்தெழுந்த பாட்டிலும் எழுத்து எழுத்தைப் பற்றி நிற்பதனை இவ்வெண்கள் காட்டின.

தமிழ் பயில்வார்க்கு இது முற்றும் புதிதன்று. எவ்வெழுத்தின் பின் எவ்வெழுத்து வரும் என்பதனை எம் இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் என்னும் பெயரால் ஈராயிரமாண்டு அளவில் முன்னரே வகுத்தனர். டகர மெய்யின்பின் தானன்றிக் ககர சகர பகரங்களே வரும். ரகர ழகர மெய்கள் இரட்டித்து வாரா. அளபெடை ஒழிய, உயிரை அடுத்து உயிர் நேரே நில்லாது. நிற்க நேரின் இடையே உடம்படுமெய் தோன்றும். எனினும் எம்மவர் கூறியது வரும், வாராது என்னும் இரண்டே. வருவது எத்துணைமுறை வரும் என்று எண்ணிப் பார்க்க அவ்விலக்கண நூலார் முயன்றதாகத் தோன்றவில்லை. இக்கட்டுரை எழுதுங்கால் யாமும் ஒரு பாட்டை எடுத்து உயிரும் மெய்யும் எண்ணத் தொடங்கினோம். உயிர்மெய்யை இரண்டாகப் பிரித்தெழுதும் தொல்லை வேறு! ஐந்நூறு எட்டுமுன் இருமுறை கணக்குத் தவறிற்று. இருபதினாயிரத்தைக் கையால் எண்ணிய அம்முதியவரின் பொறுமையை அப்பொழுதே உணர்ந்தோம். அவரோ அதனோடும் அமையாது, அக்சாக்கவ் என்பார் உரைநடை நூலொன்றில் 100,000 எழுத்துக்களையும் அங்ஙனமே எண்ணினர்.

இனி, எழுத்தை எண்ணிய இம்முறை வீடியோவுக்குத் துணையானவாற்றைக் கூறுவாம்.

1948-இல் அமெரிக்கரான ஷானன் செய்திகளைக் கம்பிவழி அனுப்பும் கணிதத்தை வகுத்தபொழுது, ஆங்கில எழுத்துக்களை மார்க்கோவின் சங்கிலியாகக் கொண்டு ஆராய்ந்தனர். 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாம் என்பாரும் அவர்தம் துணைவரும் மறைந்த மார்க்கோவ் சங்கிலி என்பதனைக் கண்டனர். இதன்கண் சங்கிலி திரைக்குப் பின்னே ஓடும். நமக்குப் புலனாவன அதன் அடையாளங்கள் மட்டுமே. அடுத்த வீட்டில் நோயாளி ஒருவர் இருக்கிறாரெனக் கொள்வோம். அவரை நாம் காணோம். வைத்தியர் வரவு, விளக்கெரியும் நேரம், இருமல் ஓசை இவற்றைக் கொண்டே இன்று நோய் தணிந்ததோ மிகுந்ததோ என்று உய்த்துணர்கின்றோம். நேற்று மிகுந்திருந்தது என்பதனையும் கருத்திற் கொள்கின்றோம். அடையாளமும் முன்னிலையும் ஆகிய இரண்டனையும் ஒருங்குவைத்து எண்ணுதலே இம்முறை. 1970-களில் இதனைக்கொண்டு மனிதர் பேச்சினை இயந்திரம் எழுத்தாக்கக் கற்றது. 1998-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனையே வீடியோவைப் பகுக்கக் கையாண்டனர்.

இயந்திரத்துக்குக் கதை தெரியாது. நாயகனும் தெரியான், நாயகியும் தெரியாள். அது காண்பன எண்களே. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் நிறங்களின் பரவல் எவ்வளவு வேறுபட்டது? அசைவு எவ்வளவு? ஓசை பேச்சா, இசையா, அமைதியா? வேறுபாடு திடீரென மிகுந்தால் ஷாட் மாறியது எனலாம். ஆனால் திருமண வீட்டிற் புகைப்படக்காரர் விளக்கு மின்னினாலும் வேறுபாடு மிகும். காமிராவை விரைந்து திருப்பினாலும் மிகும். ஒரு படம் மெல்லக் கரைந்து மற்றொன்றாகும் இடத்திலோ, ஷாட் மாறியும் வேறுபாடு மிகாது. வேறுபாடு ஒன்றையே நம்பினால் இயந்திரம் இருபக்கமும் இடறும். ஆதலின் ஷாட், வெட்டு, கரைவு, இருளல் என்னும் நிலைகளை மறைந்த கண்ணிகளாகக் கொள்வர். ஒன்றிலிருந்து ஒன்றற்குச் செல்லும் வாய்ப்பினை, மனிதர் முன்னரே பிரித்து வைத்த வீடியோக்களில் எண்ணிப் பெறுவர். மார்க்கோவ் உயிரும் மெய்யும் எண்ணியதே போலும் எண்ணிக்கை இது. பின்னர்ப் புதிய வீடியோவைக் கொடுத்தால், அதன் அடையாளங்களுக்கெல்லாம் மிகப் பொருந்தும் சங்கிலி யாதென இயந்திரம் தேடிக் கொணரும்.

செய்தி ஒளிபரப்பில் வாசிப்பவர், களத்துச் செய்தியாளர், மீண்டும் வாசிப்பவர் என்று நிலைகள் மாறிவரும். பந்தாட்ட ஒளிபரப்பில் ஆட்டம், நிறுத்தம், ஆட்டம் என்று வரும். ஆட்டத்திற் புல்வெளி பரந்து தோன்றும், நிறுத்தத்தில் ஆட்டக்காரர் முகம் அண்மையிற் காட்டப்படும். வகைக்கு வகை சங்கிலி வேறு. பல்வகைச் செய்யுட்கும் யாப்பு வேறாதல் போன்றதே இது.

இங்கே மார்க்கோவின் சங்கிலிக்கு ஒரு குறை புலப்பட்டது. மறைத்தல் நேர்மையன்று. அச்சங்கிலி முந்திய கண்ணியை மட்டுமே நினையும். ஒரு நிலையில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதனை நினையாது. ஷாட் தொடங்கி அரை நொடியாயினும் அரை நிமிடமாயினும், அடுத்த கணத்தில் வெட்டு நேரும் வாய்ப்பு அதற்கு ஒன்றே. மெய்யில் அங்ஙனமன்று. இப்பொழுதுதான் வெட்டப்பட்ட ஷாட்டை உடனே மீள வெட்டுவார் அரியர். கண் அதனைப் பார்த்து முடிக்கவேண்டும். நேரம் செல்லச் செல்ல வெட்டின் வாய்ப்பு ஏறும். ஆகவே 2000-ஆம் ஆண்டளவில் அறிஞர் சிலர் ஷாட்டின் நீளத்தையே கணக்கிற் கொணர்ந்தனர். தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் எண்ணிய டேனிஷ் நாட்டு எர்லாங், பொருள்கள் எத்துணைக் காலத்தில் முறியும் என்று ஆராய்ந்த சுவீடன் நாட்டு வைபுல் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் பரவல்கள் அதற்குத் துணையாயின. சென்ற வெட்டு நிகழ்ந்து இவ்வளவு நேரம் ஆயிற்று என்னும் அறிவு முன்னம்பிக்கையாகும்; படங்களின் வேறுபாடு சான்றாகும். ஷாட் தொடங்கிய உடனே வந்த சான்றினை எளிதில் நம்பாது. நெடுநேரம் கழிந்து வந்ததனை எளிதில் நம்பும். இங்ஙனம் நம்பிக்கையையும் சான்றையும் நிறுக்கும் விதி தாமஸ் பேயஸ் என்பாரது. அவர் இங்கிலாந்தில் ஒரு சபையின் போதகர். தம்மை நீக்குமாறு விண்ணப்பித்தவர் விதியும் போதகர் விதியும் இவ்வாராய்ச்சியில் இணைபிரியாது பணிசெய்கின்றன!

2010-க்குப் பின்னர் நரம்புவலை முறைகள் ஓங்கி, இவ்வேலையிற் பெரும்பகுதியை மேற்கொண்டன. ஆயினும் வரிசையாய் வருவனவற்றை எண்ணியறியும் கலையின் வரலாற்றை எழுதுவார் எவரும் புஷ்கினின் இருபதினாயிரம் எழுத்துக்களைக் கூறாது செல்லார்.

மார்க்கோவின் வாழ்க்கைக்கு மீள்வாம். ஓட்டை கண்டால் விடாத குணம் அவரைக் கணிதத்தோடு நிற்கவிடவில்லை. 1902-இல் எழுத்தாளர் கார்க்கி விஞ்ஞானக் கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபொழுது, அரசனின் விருப்பப்படி அத்தேர்வு செல்லாதாக்கப்பட்டது. மார்க்கோவ் எதிர்த்து எழுதினர். 1908-இல் மாணவர் கிளர்ச்சியின்போது ஆசிரியர்கள் மாணவரை வேவுபார்க்கவேண்டுமென அரசாங்கம் பணித்தது. தாம் அரசாங்கத்தின் ஏவலாளாய் இருக்கவொண்ணாதென அவர் மறுத்தனர். 1913-இல் ரோமானவ் மரபு அரசுகட்டிலேறிய முந்நூறாம் ஆண்டினைப் பேரரசு விமரிசையாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் மார்க்கோவ், பெர்னூலியின் நூல் வெளிவந்த இருநூறாம் ஆண்டு என்று சொல்லிப் பேரெண் விதிக்கு விழா எடுத்தனர். இக்குறும்பினை நினைக்குந்தோறும் எமக்கு நகை வருகிறது.

1912-ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கு வருவாம். டால்ஸ்டாய்ப் பெரியாரை உருசியத் திருச்சபை 1901-இல் விலக்கியிருந்தது. 1910-இல் அவர் இறந்தபோதும் சபை இளகவில்லை. அச்செயல் மார்க்கோவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருத்தல் வேண்டும். தம்மையும் விலக்குக என்று புனித ஸினட்டிற்கு எழுதினர். நிகழ்தகவு பற்றிய தம் நூலில், வேதக் கதைகளைத் தாம் ஏற்காமை வெளிப்படையாய் இருத்தலின் அதுவே போதிய காரணமென்றும் குறித்தனர். அறிவுரை கூற முயன்றோர்க்கு அவர் இணங்கிலர். முடிவில் ஸினட் அவரைச் சபையினின்று பிரிந்துபோனவராகக் கொண்டது.

எம் தோழர் வினாவுக்கு விடை இதுவே. வேதத்தின் சாட்சியை எண்ணால் நிறுத்து எறியலாமென அவர் கருதிய இடத்தில் யாம் அவரோடு செல்லோம். நேரிற் கண்டவர் சொல்லுக்காக உயிரையும் கொடுத்தபொழுது, அச்சான்றின் எடையை எந்தத் தராசில் வைப்பது? அவர் தராசில் அதற்கு இடமில்லை. ஆயினும் நெக்ராசவோடு நிகழ்ந்த வழக்கில் யாம் மார்க்கோவின் பக்கமே நிற்கின்றோம். எம் விசுவாசத்திற்கு இனிய முடிபு என்பதற்காகப் பொய்யான நிறுவலை ஏற்போமாயின், சத்தியத்தின் பிள்ளைகள் என்று எம்மைச் சொல்லிக்கொள்ளல் எங்ஙனம்? உள்ளத்தில் இல்லாத விசுவாசத்தை உதட்டிற் கொண்டு, பதவிக்காகச் சபையில் இருந்தார் அக்காலத்துப் பலர். வெளியேறியதால் மார்க்கோவுக்குக் கிட்டிய இலாபம் ஒன்றுமில்லை. தோழர் இதனைக் கேட்டு முழுதும் இசைந்தாரென்று சொல்லமாட்டோம். கட்டுரையை எழுதுக என்று மட்டும் சொன்னார்.

அவர் பல்கலைக் கழகத்தில் ஊதியப் பணியினின்று 1905-இல் ஓய்வுபெற்றனர். எனினும் நிகழ்தகவுப் பாடத்தைக் கற்பித்தலை விட்டிலர். உடன்பிறந்தார் விளதிமீரும் கணிதத்திற் பெரும் புலமை காட்டியவர்; என்புருக்கி நோயால் 1897-இல், இருபத்தைந்தாண்டும் சில திங்களுமே வாழ்ந்து, மறைந்தனர்.

1917-இல் புரட்சி மூண்டது. அறுபத்தோராண்டு நிரம்பிய மார்க்கோவ் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றற்குத் தம்மை அனுப்புமாறு கழகத்தைக் கேட்டனர். சராய்ஸ்க் என்னும் ஊர் கிடைத்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியிற் சிறுவர்க்குக் கணிதம் கற்பித்தனர். ஊதியம் பெற்றாரல்லர். ஐரோப்பா முழுதும் பெயர் விளங்கிய பேராசிரியர் கையில் கணிதம் பயிலும் பேறு அவ்வூர்ப் பிள்ளைகட்கு வாய்த்தது. மறுவாண்டு பெத்ரோகிராது என்று பெயர் மாறியிருந்த தலைநகர்க்குத் திரும்பினர். கண்ணிற் சத்திர சிகிச்சை செய்துகொண்டனர். பசியும் குளிரும் நகரைப் பற்றியிருந்த காலம் அது. நிற்கவும் வலியின்றி, மகன் துணையாய் வர, பல்கலைக் கழகத்துக்குச் சென்று பாடஞ் சொன்னார். அம்மகனும் ஆந்திரேய் என்னும் பெயரினரே. பிற்காலத்திற் பெருங் கணிதப் புலவராய் விளங்கி 1979-இல் மறைந்தனர்.

1921-இல் மார்க்கோவ் கழகத்துக்கு ஒரு செய்தி விடுத்தார். காலில் அணியச் செருப்பு இல்லாமையால் கூட்டங்களுக்கு வரவியலவில்லை என்பது அது. சில திங்கள் கழிந்து ஒரு சோடு வந்து சேர்ந்தது. தையல் செம்மையாயில்லை, காலுக்கும் பொருந்தவில்லை. ஊன்றுகோலில் நடை பயின்ற அக்காலுக்குக் கழகம் அளித்த காலணி இது. இவை தம் காலளவோடு ஒவ்வாதனவென்று அவர் கழகத்துக்கே திரும்ப எழுதினர். அவ்வாண்டே உடல் நலிவுற்று, 1922-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் பெத்ரோகிராதில் உயிர்நீத்தனர். நிகழ்தகவு பற்றிய தம் நூலின் புதிய பதிப்பைக் கடைசி நாட்கள்வரை அவர் திருத்திக்கொண்டிருந்தனர். அது 1924-இல், அவர் மறைந்தபின், அச்சாகி வந்தது.